ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: லம்பிரிட்ஜில் புதிதாக இறங்கியவர்களுக்கு

அக்கா மகன் போன மாதம் போனில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை இறக்கினான். அன்றிலிருந்து நாளைக்குப் பத்து வாட்ஸாப் கேள்வி. "மாமா, மூணு நாளா மாட்டை அடிச்சிட்டே இருக்கேன், எல்லாரும் இதைத்தான் பண்றாங்களா?" "மாமா, ஒருத்தர் காசை டபுள் பண்ணித் தர்றேன்னு சொல்றார், குடுக்கவா?" இரண்டாவது கேள்வியைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டேன். நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை. அவனுக்கு அப்போதைக்கப்போது துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அவனைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இது.

முதலில் ஒரு விஷயம். கேமைத் திறந்ததும் "என்னடா இது, இவ்வளவு பழசா இருக்கு" என்று தோன்றும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது, இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் உருவாக்கியது. பிறகு அது மாறிக்கொண்டே போனதில் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்காமல் போய், கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு பேக்கப்பைத் தூசி தட்டி 2013 பிப்ரவரியில் தனி கேமாகவே திறந்துவிட்டது. அதுதான் நாம் ஆடுவது. புதிதாகப் பெரிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஆட்டக்காரர்களிடம் ஓட்டெடுப்பு வைப்பார்கள், 70 சதவீதம் பேர் சரி என்றால்தான் உள்ளே வரும். செய்லிங் என்ற திறன் 2015-இல் ஓட்டில் தோற்று, 2023-இல் ஜெயித்து, 2025 நவம்பரில்தான் வந்து சேர்ந்தது. அவசரமே இல்லாத ஊர் இது. அந்தத் தாளத்துக்கு நீங்கள் பழகிக்கொண்டால் பிடித்துப்போகும், பழகாவிட்டால் ஒரே வாரத்தில் அன்இன்ஸ்டால்.

நம் ஊர் நெட்டுக்கு இதைவிடத் தோதான ஆன்லைன் கேம் கிடைப்பது கஷ்டம் என்பது என் கட்சி. கேமுக்குள் எல்லாமே 0.6 வினாடி அளவுள்ள துண்டுகளாக நடக்கிறது, அதற்கு டிக் என்று பெயர். நீங்கள் ஒரு டிக்குக்குள் பத்து முறை கிளிக் செய்தாலும் ஒன்றுதான், ஒரு முறை செய்தாலும் ஒன்றுதான். அதனால் பிங் (நெட்டில் தகவல் போய் வரும் தாமதம், மில்லிவினாடியில்) 150, 200 என்று போனாலும் ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், போனிலும் ஓடும், இரண்டிலும் ஒரே அக்கவுண்ட்தான். பஸ்ஸில் போகும்போது மீன் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

ஆடத் தொடங்கும் முன் பத்து நிமிடம்

இதைப் பலரும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள், அந்த அப்புறம் அக்கவுண்ட் போன பிறகுதான் வரும். ஜேகெக்ஸ் அக்கவுண்டாகவே தொடங்குங்கள், அதில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், அது தரும் பேக்கப் குறியீடுகளைப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள் (போன் தொலைந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்துதானே போகும்). இமெயிலுக்கும் அதே பூட்டு. கேமுக்குள் போனதும் அங்கே இருக்கும் பேங்கில் (உங்கள் பொருளும் கேம் காசும் சேர்த்து வைக்கும் இடம்) நாலு இலக்க பின் போடுங்கள், பிறந்த வருடம் வேண்டாம்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் பெரும்பாலும் ரூன்லைட் என்ற மென்பொருள் வழியாகத்தான் ஆடுகிறார்கள், அது ஜேகெக்ஸ் அனுமதித்த ஒன்று. ஜேகெக்ஸ் லாஞ்சரிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து மட்டும் இறக்காதீர்கள். அதே முகப்போடு போலித் தளங்கள் உண்டு, இறக்கிய மறுநாள் பேங்க் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். குவெஸ்ட் என்பது கேமுக்குள் ஒருவர் கொடுக்கும் கதை வேலை, முடித்தால் பரிசு உண்டு. ரூன்லைட்டில் குவெஸ்ட் ஹெல்ப்பர் என்று ஒரு பிளக்இன் (கூடுதல் வசதி) இருக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும், என்ன பொருள் வேண்டும் என்று அம்புக்குறி போட்டே காட்டும். அதைப் போடுவது ஏமாற்று வேலையா என்று மருமகன் கேட்டான். சத்தியமாக இல்லை. நானே முதல் சில குவெஸ்ட்டுகளை மட்டும் அது இல்லாமல் செய்து பார்த்துவிட்டு, பிறகு அதோடுதான் ஆடினேன். கேமின் விக்கியையும் ஒரு டேபில் எப்போதும் திறந்தே வைத்திருங்கள், இந்த கேமை விக்கி இல்லாமல் ஆடுவது வழி கேட்காமல் பாரிமுனையில் கடை தேடுவது மாதிரி.

டுடோரியல் தீவு முடிகிற இடத்தில் அயர்ன்மேன் ஆகிறீர்களா என்று ஒருவர் கேட்பார். வேண்டாம். யாரோடும் டிரேட் (கொடுக்கல் வாங்கல்) செய்யாமல் எல்லாவற்றையும் தானே சம்பாதிக்கும் ஆட்டம் அது, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கேமே தெரியாதவருக்கு அது தண்டனை. ஒரு வருடம் ஆடிவிட்டுப் புது அக்கவுண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

லம்பிரிட்ஜ்

தீவிலிருந்து வந்து விழுவது லம்பிரிட்ஜ் என்ற ஊரில். கையில் ஒரு வெண்கலக் கத்தி, கோடாலி, பிக்காக்ஸ், கொஞ்சம் ரூன்கள் (மந்திரம் போடத் தேவையான கற்கள்). யாரும் எங்கே போ என்று சொல்ல மாட்டார்கள். புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இங்கே செய்கிற காரியம், பக்கத்தில் கோழியோ மாடோ கண்ணில் பட்டதும் அடிக்க ஆரம்பித்து, லெவல் ஏறுவதைப் பார்த்து உற்சாகமாகி, மூன்று நாள் அங்கேயே நின்று, சலித்துப்போய் விடுவது. மருமகனும் அப்படித்தான் நின்றான்.

மாட்டை அடிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோலை விற்கலாம், எலும்பைப் புதைத்தால் பிரேயர் என்ற திறன் ஏறும், கோழி இறகு பிறகு மீன் பிடிக்க உதவும். ஆனால் குறைந்த லெவலில் இருக்கும்போது குவெஸ்ட்டுகள் தரும் எக்ஸ்பியோடு (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) ஒப்பிட்டால் மாடு அடிப்பது ஒன்றுமே இல்லை. டிரேனார் கிராமத்தில் தொடங்கும் வேம்பயர் ஸ்லேயர் குவெஸ்ட் ஒன்று முடித்தால் 4,825 அட்டாக் எக்ஸ்பி, அதாவது அட்டாக் 1-இல் இருப்பவர் ஒரே மூச்சில் 20. மாடு அடித்து அதே இடத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே ஒரு மணி நேரம் அடித்துப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

வரிசையாகச் சொல்கிறேன், இதே வரிசையில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையலறையில் சமையல்காரர் டியூக்கின் பிறந்தநாள் கேக்குக்கு முட்டை, பால், மாவு கேட்டு நிற்பார். முட்டை கோழிப்பண்ணையில் தரையிலேயே கிடக்கும். பாலுக்கு வாளி எடுத்துக்கொண்டு கறவை மாட்டிடம் போக வேண்டும். மாவுக்குக் கோதுமை பறித்து, காற்றாலையின் மேல் மாடியில் கொட்டி, லீவரை இழுத்து, கீழே இறங்கி வந்து காலிப் பானையில் அள்ள வேண்டும், அந்தப் பானையை மறந்துவிட்டு இரண்டு மாடி இறங்கி வந்து திருதிருவென்று முழிப்பது எல்லோருக்கும் ஒரு முறை நடக்கும். பரிசு 300 குக்கிங் எக்ஸ்பிதான், ஆனால் இந்த கேம் எப்படி யோசிக்கிறது என்பது இந்த ஒரு கேக்கில் புரிந்துவிடும். பேங்கைப் பார், பையைப் பார், பிறகு கிளம்பு.

அதே ஊரில் ரெஸ்ட்லெஸ் கோஸ்ட் முடித்தால் பிரேயர் 1-இலிருந்து 9. டோரிக் குவெஸ்ட் மைனிங்கை 10-க்குக் கொண்டுபோகும். இம்ப் கேட்சர் மேஜிக்கை 8-க்கு. அப்புறம் நைட்ஸ் ஸ்வோர்டு, இதற்கு மைனிங் 10 தேவை, டோரிக்கை முடித்திருந்தால் அதுவே போதும். இதன் பரிசு 12,725 ஸ்மித்திங் எக்ஸ்பி, 1-இலிருந்து நேராக 29. கையால் இரும்பு உருக்கி அந்த 29-க்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். ரோமியோ அண்ட் ஜூலியட்டில் எக்ஸ்பி கிடையாது, ஆனால் 5 குவெஸ்ட் பாயிண்ட் தரும், ரோமியோ பேசுவதைப் படித்துச் சிரிக்கவாவது செய்யுங்கள்.

வேம்பயர் ஸ்லேயரில் நான் மாட்டிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். வேரக் நகரத்து மதுக்கடையில் இருக்கும் டாக்டர் ஹார்லோவுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்து மரக்கட்டையை வாங்கினேன், குவெஸ்ட்டைக் கொடுக்கும் மார்கன் வீட்டு மாடி அலமாரியில் பூண்டு எடுத்தேன், இத்தனையும் செய்துவிட்டு சுத்தியலை எடுக்காமல் சவப்பெட்டியைத் திறந்தேன். கட்டை மட்டும் இருந்து என்ன செய்ய, அடிக்கச் சுத்தியல் வேண்டாமா? அந்த ரத்தக்காட்டேரி சாகவே மாட்டேன் என்கிறான், என் மீன் எல்லாம் தீர்ந்துபோய் ஓடி வந்தேன். குவெஸ்ட் தொடங்கும் முன் தேவையான பொருள் பட்டியலை ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

ஸ்ட்ராங்ஹோல்ட் ஆஃப் செக்யூரிட்டியையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பார்பேரியன் கிராமத்தில் ஒரு குழி வழியாக இறங்க வேண்டும். நாலு தளம். ஒவ்வொரு கதவும் பாஸ்வேர்டு, ஏமாற்று வேலை பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திறக்கும். முதல் மூன்று தளங்களில் 2,000, 3,000, 5,000 என்று மொத்தம் 10,000 காசு, நாலாவதில் ஒரு பூட்ஸ். புதியவருக்கு அந்த 10,000 பெரிய தொகை. கீழ்த் தளங்களில் இருக்கும் பிராணிகள் உங்களைவிடப் பலசாலிகள், அதனால் அவற்றோடு மல்லுக்கு நிற்காமல் பை நிறையச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கதவுக்குக் கதவு ஓடுங்கள். சாப்பாட்டுக்கு லம்பிரிட்ஜ் சதுப்பில் வலையால் இறால் பிடித்துச் சுட்டாலே போதும், ஒவ்வொன்றும் 3 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) தரும். ஃபிஷிங் 20 வந்ததும் பார்பேரியன் கிராமத்து ஆற்றில் இறகு போட்டு டிரவுட், 30-இல் சால்மன். அவை 7, 9 என்று கொடுக்கும். அங்கிருந்து சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது.

சண்டை பற்றிக் கொஞ்சம்

உங்கள் கத்தியின் சண்டை முறை எதில் இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். அக்யூரேட் என்றால் எக்ஸ்பி அட்டாக்குக்குப் போகும், அக்ரெஸிவ் என்றால் ஸ்ட்ரெங்த்துக்கு, டிஃபென்ஸிவ் என்றால் டிஃபென்ஸுக்கு, கண்ட்ரோல்டு என்றால் மூன்றுக்கும் பங்கு. இதைக் கவனிக்காமல் டிஃபென்ஸிலேயே ஏற்றிவிட்டு "அடி விழவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்கள் ஏராளம். என் பழக்கம் இது: அடுத்த கத்தியை எடுக்கும் அளவுக்கு மட்டும் அட்டாக், மீதி நேரமெல்லாம் ஸ்ட்ரெங்த், பின்னால் மெதுவாக டிஃபென்ஸ். ஸ்டீல் 5, பிளாக் 10, மித்ரில் 20, அடமண்ட் 30, ரூன் (இங்கே உலோகத்தின் பெயர்) 40 என்று அட்டாக் படிகள் போகும். எந்த உலோகமானாலும் சிமிட்டார் என்ற வளைந்த வாளைத் தேடுங்கள். நீளவாள் ஓங்கி அடிக்கிற மாதிரி தெரியும், ஆனால் அதற்கு ஒரு வீச்சுக்கு 5 டிக், சிமிட்டாருக்கு 4 டிக் (2.4 வினாடி). நாள் முழுக்க அடிக்கும்போது அந்த ஒரு டிக் எங்கேயோ கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, நேருக்கு நேர் கத்திச் சண்டைக்காரன் வில்லாளியை வெல்வான், வில்லாளி மந்திரவாதியை, மந்திரவாதி கத்திக்காரனை. இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு டார்க் விசார்டு என்ற மந்திரவாதியிடம் போய் அடி வாங்கிச் செத்தால் அதற்கு இதுதான் காரணம்.

செத்தால் என்ன ஆகும்? பயப்பட ஒன்றுமில்லை, வில்டர்னெஸ் (வடக்கே இருக்கும் ஆபத்தான பகுதி, பின்னால் சொல்கிறேன்) தவிர மற்ற இடங்களில். விலை அதிகமான மூன்று பொருள் உங்களோடு வரும், மீதி விழுந்த இடத்தில் கல்லறைக்குள் 15 நிமிடம் காத்திருக்கும். அதற்குள் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். தவறினால் டெத் என்ற ஆளின் அலுவலகத்துக்குப் போய்விடும், அங்கே பெரிய விலைப் பொருளுக்குக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். எதற்கும் லம்பிரிட்ஜ் ஹோம் டெலிபோர்ட் (அங்கே திரும்பிப் போகும் மந்திரம்) இலவசம், அரை மணிக்கு ஒரு முறை. ஆனால் அது உடனே வேலை செய்யாது, சில வினாடி மந்திரம் ஓதும், அதற்குள் யாராவது அடித்தால் கலைந்துவிடும். உயிர் போகும் நேரத்தில் அதை நம்பாதீர்கள்.

வடக்கே ஒரு பள்ளம்

எட்ஜ்வில், வேரக் இரண்டுக்கும் வடக்கே குறுக்கே ஒரு பள்ளம் ஓடும். தாண்டினால் வில்டர்னெஸ். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம், கொன்றவர் உங்கள் பொருளை அள்ளிக்கொண்டு போகலாம், கல்லறை எதுவும் கிடையாது. உள்ளே போகப் போக வில்டர்னெஸ் லெவல் ஏறும், அது எவ்வளவோ அவ்வளவு காம்பாட் லெவல் வித்தியாசம் உள்ளவர்கள் உங்களைத் தாக்கலாம். லெவல் 5-இல் நின்றால் உங்களைவிட ஐந்து கூடியவர் வரை. 20-ஐத் தாண்டிவிட்டால் சாதாரண டெலிபோர்ட்டுகள் வேலை செய்யாது. தலைக்கு மேல் மண்டை ஓடு (மற்றவரை முதலில் தாக்கியவருக்கு விழும் குறி) இருந்தால் அந்த மூன்று பொருளும்கூட மிஞ்சாது.

என் முதல் மாதத்தில் ஒரு நல்ல மனிதர் வந்தார். ரொம்பப் பொறுமையாகப் பேசினார். எனக்கு இரண்டு லாப்ஸ்டர் இலவசமாகக் கொடுத்தார், என் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் சொன்னார், நாள் தவறாமல் வந்து எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார். நாலாவது நாள், "ஒரு இடத்தில் கவசம் சும்மா கிடக்கிறது, நல்லதாக எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வா, அங்கே எதிரிகள் பலமாக இருப்பார்கள்" என்றார். பள்ளத்தைத் தாண்டும்போது கேம் எச்சரிக்கை காட்டத்தான் செய்தது. நான் படிக்காமல் சரி என்று தட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய இரண்டு நண்பர்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். இரண்டு வாரமாகச் சேர்த்துச் சேர்த்து வாங்கிய ரூன் கவசம் எட்டு வினாடியில் போனது. இரவு பதினொன்றரை மணிக்கு லம்பிரிட்ஜில் வெறும் உடம்போடு எழுந்து நின்றபோது, உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. முப்பது வயதில்.

இதில் நான் கற்றது ஒரே ஒரு கணக்கு: இழந்தால் தூக்கம் கெடும் எதையும் அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. குவெஸ்ட்டுக்கோ கிளூவுக்கோ (புதிர்ச் சுருள்) போக வேண்டியிருந்தால் பேங்கில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். உலகத்தை (கேமில் சர்வருக்கு அதுதான் பெயர்) தேர்ந்தெடுக்கும்போதும் கவனம், பட்டியலில் பிவிபி (ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும்) உலகங்கள் என்று சில உண்டு, அங்கே கிட்டத்தட்ட எல்லா இடமும் வில்டர்னெஸ் மாதிரிதான்.

காசை டபுள் பண்ணித் தருபவர்கள்

வேரக் நகரத்தின் வடமேற்கில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, கேமின் கோயம்பேடு. 301-ஆம் உலகத்தில் போய் நின்றால் இரைச்சல் காதைப் பிளக்கும். அங்கே கத்துபவர்களில் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர் அத்தனை பேரும் திருடர்கள். முதலில் ஆயிரம் வாங்கி இரண்டாயிரம் கொடுப்பார்கள், அது தூண்டில் புழு. அடுத்து ஐம்பதாயிரம் கொடுத்தால் ஆளைக் காணாது. கவசத்துக்குத் தங்க ஓரம் வைத்துத் தருகிறேன் என்பவரும் அதே ரகம், அந்த மாதிரிக் கவசங்கள் கிளூ ஸ்க்ரோல் பரிசாகத்தான் வரும், எந்த ஆட்டக்காரராலும் செய்ய முடியாது. ஜேகெக்ஸ் ஆள் என்று சொல்லிப் பாஸ்வேர்டு கேட்பவர், நான் கேமை விட்டுப் போகிறேன், என் சொத்தையெல்லாம் கொடுக்கிறேன், இந்த லிங்க்கில் லாகின் செய் என்பவர், இவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். டிரேட் செய்யும்போது இரண்டு திரை வரும், இரண்டாவதுதான் முக்கியம், அதை வரி விடாமல் படியுங்கள், 1,00,000-க்கும் 10,000-க்கும் ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம்.

ஆனால் எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் நல்லது. அங்கே ஏமாற்றுவதற்கு வழி குறைவு. விலையைக் கொஞ்சம் கூட்டி வாங்க ஆர்டர் போட்டாலும், குறைந்த விலைக்கு விற்க ஒருவர் ஏற்கெனவே இருந்தால் மீதிக் காசு திரும்பி வந்துவிடும். விற்பவருக்கு 2 சதவீதம் வரி. ஒரே பொருளை நாலு மணி நேரத்துக்குள் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. புது இலவச அக்கவுண்டுக்கு இங்கே சில பொருட்களில் தடை இருக்கும், 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் பாயிண்ட், மொத்த லெவல் 100 மூன்றும் ஆனதும் விலகும். மேலே சொன்ன குவெஸ்ட்டுகளை முடித்தால் பாயிண்ட் தானாக வந்துவிடும்.

எப்போது மெம்பர் ஆவது

எல்லோரும் கேட்பது. மெம்பர் என்றால் சந்தா கட்டி ஆடுபவர். என் பதில்: டிராகன் ஸ்லேயர் முடியும்வரை இலவசமாகவே ஆடுங்கள். 32 குவெஸ்ட் பாயிண்ட் சேர்த்ததும் அதைத் தொடங்கலாம். கிராண்டோர் தீவுக்குக் கப்பல் வாங்கி, வரைபடத்தை மூன்று துண்டாகத் தேடி எடுத்து, கடைசியில் எல்வார்க் என்ற டிராகனைக் கொல்ல வேண்டும், அதன் லெவல் 83. லம்பிரிட்ஜ் டியூக் இதற்கென்று ஒரு கேடயம் சும்மாவே கொடுப்பார், அது இல்லாமல் போனால் ஒரே மூச்சுத் தீயில் கருகிப் போவீர்கள். மெம்பர் அல்லாதவர்களுக்கு இதுதான் உச்சம், இதை முடித்த பிறகுதான் ரூன் பிளேட்பாடி என்ற மார்புக் கவசத்தை உடம்பில் மாட்டவே முடியும். முடிக்கும்போது இந்த கேம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், பிடிக்காத கேமுக்குச் சந்தா கட்டிய பாவம் இருக்காது.

பாண்ட் என்று ஒன்று இருக்கிறது, கேம் காசு கொடுத்து எக்ஸ்சேஞ்சில் வாங்கினால் 14 நாள் மெம்பர். பல மில்லியன் ஆகும். புதியவர் மாடு அடித்து அதற்குச் சேர்க்க நினைத்தால் தேய்ந்து போவார். முதல் மாதத்துக்குச் சொந்தக் காசு கட்டிவிட்டு, உள்ளே போய் நல்ல வருமானம் பார்த்த பிறகு பாண்டுக்கு மாறுவது நடைமுறைக்கு ஒத்துவரும். வெளியே யாரிடமோ நிஜப் பணம் கொடுத்துக் கேம் காசு வாங்குவது விதிமீறல், அக்கவுண்ட் தடையாகும்.

மெம்பர் ஆன முதல் நாள், வேறு எதையும் தொடாமல் வாட்டர்ஃபால் குவெஸ்ட் செய்யுங்கள். எந்த லெவலும் கேட்காது, எவரையும் கொல்ல வேண்டியதில்லை, பரிசு அட்டாக்குக்கு 13,750, ஸ்ட்ரெங்த்துக்கு 13,750. இரண்டும் 1-இலிருந்து 30. ஒரு கயிறு, காற்று, நீர், நிலம் மூன்றிலும் ஆறு ஆறு ரூன், கொஞ்சம் சாப்பாடு, அவ்வளவுதான். நடுவில் கிளாரியலின் கல்லறைக்குள் ஆயுதம், கவசம், ரூன் எதுவும் இல்லாமல்தான் நுழைய முடியும், அதனால் அந்தப் பகுதியை வெறும் சாப்பாட்டுப் பையோடு முதலில் முடித்துவிட்டு, ரூன்களைப் பேங்கிலிருந்து பிறகு எடுத்துக்கொண்டு அருவிக்குப் போங்கள். வழியில் உள்ள பிராணிகள் உங்களை அடிக்கும், நீங்கள் திரும்பி அடிக்காமல் ஓடுங்கள். அப்புறம் டேவர்லியில் விட்ச்சஸ் ஹவுஸ், 6,325 ஹெச்பி எக்ஸ்பி, ஹெச்பி 10-இலிருந்து 24. ஃபைட் அரீனா 12,175 அட்டாக், ட்ரீ க்னோம் வில்லேஜ் 11,450 அட்டாக். இந்த நாலையும் ஒரு வார இறுதியில் முடித்தவன் கோழி அடித்து வந்தவனைப் பார்த்துச் சிரிப்பான்.

99 பற்றி ஒரு வார்த்தை. ஒரு திறனில் 99 எடுக்க 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும். அதில் பாதி எங்கே வரும் தெரியுமா? 92-இல். ஏழு லெவலுக்கு ஒரு முறை தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதனால் முதல் மாதத்தில் 99 கனவு காண்பது எல்கேஜியில் சேர்ந்த அன்றே டாக்டர் பட்டத்துக்குத் தையல்காரரிடம் அளவு கொடுக்கிற மாதிரி. வேலை செய்துகொண்டே பக்கத்தில் ஓட விட வேண்டுமென்றால் டிரேனார் பேங்க் பக்கத்தில் வில்லோ மரம் வெட்டுங்கள், உட்கட்டிங் 30 போதும், நிமிடத்துக்கு ஓரிரு கிளிக். மற்றபடி, ஒரே வேலையை ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்து சலித்தால் அப்போதே வேறொன்றுக்குத் தாவிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

லம்பிரிட்ஜ் கோட்டையைச் சுற்றிச் சுற்றி ஹான்ஸ் என்று ஒருவர் நடந்துகொண்டே இருப்பார், கவனித்திருப்பீர்கள். அவரிடம் நான் வந்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டால், உங்கள் மொத்த ஆட்ட நேரத்தை நாள், மணி, நிமிடம் என்று பிரித்துச் சொல்வார். மருமகன் நேற்று கேட்டிருக்கிறான். மூன்று நாள் பதினாலு மணி நேரமாம். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.